கேரம் ஆற்றங்கரையில் சமன் தேடிய கதை

வெள்ளிக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு குவேக்கர்ஸ் ஹில் ஸ்டேஷனில் ரயில் ஏறினேன். தோளில் ஒரு பை. பைக்குள் இரண்டு ஸ்வெட்டர், ஒரு டப்பா முறுக்கு. கணவர் வரவில்லை. "இந்த வீக்கெண்ட் சாஃப்ட்வேர் ரிலீஸ் இருக்கு, நீ மட்டும் போயிட்டு வா" என்று லேப்டாப்பிலிருந்து தலையைத் தூக்காமலே சொல்லிவிட்டார். எங்கள் வீட்டில் ரிலீஸ் இல்லாத சனி ஞாயிறு கடைசியாக எப்போது வந்தது என்று ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். விமான நிலையம் வரைக்கும் யோசித்தும் ஞாபகம் வரவில்லை.

சிட்னியிலிருந்து மெல்பர்ன் ஒன்றரை மணி நேர விமானப் பயணம். இறங்கினால் ஒன்பது டிகிரி குளிர், தூறல் வேறு. ஜூன் மாதத்தில் மெல்பர்னுக்கு ஏதாவது வேண்டுதல் இருந்தால்தான் வருவார்கள். எனக்கு இருந்தது. என் தம்பி குமரன் ஒரு வாரமாகத் தினமும் போன் செய்து, "அக்கா, நீ வந்தே ஆகணும், ஒரு முக்கியமான வேலை" என்று உயிரை வாங்கிக்கொண்டிருந்தான். என்ன வேலை என்று கேட்டால் மட்டும், "நேர்ல சொல்றேன்" என்பான்.

விமான நிலையத்திலிருந்து அவன் வீடு இருக்கும் கிரான்பர்ன் எழுபது கிலோமீட்டருக்கு மேல். வெள்ளிக்கிழமை சாயங்கால நெரிசலில் இரண்டு மணி நேரம் ஆகிவிட்டது. அந்த இரண்டு மணி நேரத்தில் தம்பி மனதில் இருந்ததையெல்லாம் கொட்டிவிட்டான்.

குமரன் திருச்சிக்காரன், என்னைப் போலவே. அவன் மனைவி ஜெசி இலங்கையில் மன்னார்ப் பெண், நர்ஸ். கல்யாணம் ஆகி ஆறு வருடம். ஜெசியின் அம்மா அன்னம்மா மூன்று மாத விசாவில் மன்னாரிலிருந்து வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிப் போகிறார். இந்த மூன்று மாதத்தில் அந்த அம்மா தம்பி சமைத்த எதையும் வாயில் வைக்கவில்லையாம். ஜெசி சமைத்தால் சாப்பிடுகிறார். ஜெசி டூட்டிக்குப் போன நாளில் இவன் என்ன செய்து வைத்தாலும், "எனக்குப் பசிக்கேல்ல" என்று சொல்லிவிட்டு, பாண் என்று அவர்கள் சொல்லும் ரொட்டி இரண்டு துண்டு, ஒரு பிளேன்டீயோடு முடித்துக்கொள்கிறார்.

"சாம்பார் வச்சேன், தொடல. மட்டன் வச்சேன், தொடல. நம்ம வீட்டு ரசம் வச்சேங்கா, மோந்துகூடப் பாக்கல."

"ரசத்தை எதுக்குடா மோந்து பாக்கணும்?"

"விளையாடாதக்கா. என்னை ஒரு வாட்டிகூட வாய் நிறைய மருமகனேன்னு கூப்பிட்டதில்ல. 'இஞ்ச பாருங்கோ'ன்னுதான் பேச்சே ஆரம்பிக்கும். நான் அவங்களுக்குப் பிடிக்காத மருமகன்."

அவன் கண் கலங்கியிருந்தது. முப்பத்தெட்டு வயது ஆள், நெரிசலில் வண்டி ஓட்டிக்கொண்டே அழுதால் எப்படி? டிஷ்யூவை எடுத்துக் கொடுத்தேன். எங்கள் அம்மா இறந்த பிறகு இவனுக்குப் பரிமாறவும் ஆள் இல்லை, இவன் பரிமாறிச் சாப்பிடவும் ஆள் இல்லை. அவன் சமையலை ரசித்துச் சாப்பிட்டது அம்மா ஒருத்திதான். அது எனக்குத் தெரியும் என்பதால் கிண்டலை அத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

பிறகுதான் அந்த முக்கியமான வேலை வெளியே வந்தது. புதன்கிழமை அன்னம்மா மன்னாரில் இருக்கும் தங்கையோடு போனில் பேசியிருக்கிறார். இவன் காதில் விழுந்திருக்கிறது. "இஞ்ச எல்லாம் கிடக்கடி. ஒரு சமன் மட்டும் இருந்தா ரெண்டு கோப்பை சோறு தின்னுவன்." கோப்பை என்றால் அவர்கள் பேச்சில் தட்டு, அதைத் தெரிந்துகொள்ளவே என் தம்பிக்கு ஒரு வருடம் ஆனது. சமன் என்றால் சால்மன் என்று இவனே புரிந்துகொண்டு, அன்றைக்கே சூப்பர்மார்க்கெட்டில் ஒரு பெரிய துண்டு வாங்கி வந்து காட்டியிருக்கிறான். அந்த அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதென்ன, கரட் நிறத்தில கிடக்கு?" என்று சொல்லிப் பாண் துண்டை எடுத்துக்கொண்டாராம்.

"அது பண்ணையில வளக்குற மீன். கடலோரத்துலயே பிறந்து வளந்தவங்களுக்கு அது எப்படிப் பிடிக்கும்? அவங்க கேக்குறது ஃப்ரெஷ் சால்மன். கேரம்னு ஒரு இடம், பேட்டர்சன் ஆறு கடல்ல சேருது. அங்க ஆஸ்திரேலியன் சால்மன் கிடைக்குதாம். நாளைக்குக் காலைல போறோம். நான் பிடிச்சு, நானே சமைச்சு, அவங்க தட்டுல போடுறேன்."

"ஏன்டா, ஜெசிகிட்ட ஒரு வார்த்தை கேட்டா ஆகாதா?"

"அவ உடனே அம்மாகிட்ட சொல்லிடுவா. அவங்க 'உங்களுக்கு ஏன் கரைச்சல், வேண்டாம்'னுடுவாங்க. சர்ப்ரைஸா செஞ்சாத்தான் உண்டு."

இதற்குத்தான் சிட்னியிலிருந்து ஒரு ஆளை வரவழைத்திருக்கிறான். வாழ்க்கையில் நானும் அவனும் தூண்டிலைக் கையில் தொட்டதே இல்லை. காவிரிக் கரையில் பிறந்த லட்சணம் இது.

கிரான்பர்ன் வீட்டில் அன்னம்மா கதவைத் திறந்தார். ஒல்லியான அம்மா, கழுத்தில் சிலுவை, கம்பளிச் சட்டைக்கு மேல் இன்னொரு கம்பளிச் சட்டை. "வாங்கோ பிள்ளை, குளிருக்க வந்தனீங்கள். தேத்தண்ணி குடிப்பமோ?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். தம்பி சொன்னதை வைத்து நான் மனதில் வரைந்திருந்த முகத்துக்கும் இந்த முகத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் ராத்திரி தம்பி தோசை ஊற்றியபோது, "எனக்குப் பசிக்கேல்ல" என்று அவர் எழுந்து போனதையும் பார்த்தேன். தம்பி என்னைப் பார்த்தான். நான் தோசையைப் பார்த்தேன்.

சனிக்கிழமை காலை ஆறு மணி. ஜெசி நைட் டூட்டியில் இருந்தாள். "வாக்கிங் போறோம் மாமி" என்று அறை வாசலில் நின்று சொல்லிவிட்டுக் கிளம்பினோம். மாமியாரை அத்தை என்று கூப்பிடுகிற ஊர்க்காரன், ஜெசி சொல்லிக் கொடுத்து மாமி என்று கூப்பிடுகிறான். எனக்கென்னவோ அவன் திருச்சியில் எதிர் ஃபிளாட் ஐயர் மாமியைக் கூப்பிடுகிற மாதிரியேதான் கேட்கிறது.

கிரான்பர்னிலிருந்து கேரம் மேற்கே இருபது கிலோமீட்டர், நேராகத் தாம்சன் ரோடு. வழியில் தூண்டில் கடை ஒன்றில் நிறுத்தினோம். இரண்டு வாடகைத் தூண்டில், ஒரு வலைக் கரண்டி, ஐஸ் பெட்டி. மீன் பிடிக்க அரசாங்க உரிமம் வேண்டும். மூன்று நாளைக்குப் பத்து டாலர், போனிலேயே கட்டிவிடலாம். இரைக்கு என்ன என்று கேட்டால் கடைக்காரர் குளிர்பெட்டியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். பார்த்தால் மத்தி மீன்! நன்றாகக் கண் மினுங்குகிற, கொழுத்த மத்தி. இதைக் குழம்பு வைக்காமல் கொக்கியில் குத்துகிறார்கள் என்றதும் எனக்கு வயிறு எரிந்தது. "மத்தியைப் போட்டு சால்மனைப் பிடிக்கிறதுக்கு மத்தியையே வறுத்து மாமிக்குக் கொடுத்துடலாம்டா" என்றேன். தம்பி காதில் வாங்கவில்லை. வாங்கியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

ஏழே கால். ஆற்று முகத்துவாரத்தில் வெளிச்சம் வந்துகொண்டிருந்தது. பெரிய ஆறு இல்லை. எங்கள் ஊர் வாய்க்கால்காரர்கள்கூட மதிக்க மாட்டார்கள். ஆனால் கூட்டத்தைப் பார்க்க வேண்டுமே! மேலே பாலத்தில் நகரத்துக்குப் போகும் ரயில் கடகடவென்று போகிறது. அடுத்த பாலத்தில் கார்கள். உள்ளே படகு இறக்கும் துறையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார் படகுகள் வளைகுடாவுக்குப் போகின்றன. நடுவில் கயாக்கில் இரண்டு பேர் துடுப்புப் போடுகிறார்கள், கரையில் நாய்களை ஓட விடுகிறார்கள். தண்ணீரைத் தாண்டி, வடமேற்கே வெகு தூரத்தில், மெல்பர்னின் உயரமான கட்டிடங்கள் சின்னதாகத் தெரிந்தன. இத்தனை சத்தத்தில் எந்த மீன் வரும் என்று எனக்குச் சந்தேகம்.

கற்கரையில் மடக்கு நாற்காலி போட்டு ஒரு பெண்மணி உட்கார்ந்திருந்தார். பெயர் ஷெரில், ஐம்பத்தைந்து வயதிருக்கும், ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். தம்பி தூண்டிலைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பொறுக்க முடியாமல் எழுந்து வந்து சரியாகக் கட்டிக் கொடுத்தார். எப்படி வீச வேண்டும், எப்போது சுற்ற வேண்டும் என்று காட்டினார். எதற்கு மீன் என்று கேட்டார். தம்பி முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொன்னான். ஷெரில் சிரிக்கவில்லை. ஆனால் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார்.

"கண்ணு, இது சால்மனே இல்லை, தெரியுமா? சால்மனுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது. அந்தக் காலத்துல கப்பல்ல வந்த எங்க ஆளுங்க, அவங்க ஊர் மீன் மாதிரி இருக்குன்னு அந்தப் பேரை வச்சுட்டாங்க. ஊர் ஞாபகம், வேற என்ன? நிறைய பேர் இதை நண்டுக்கு இரையாத்தான் போடுறாங்க."

தம்பி முகம் செத்துப்போனது. நான் ஐஸ் பெட்டியின் மூடியைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன். அவன் கரையோர அறிவிப்புப் பலகையைக் காட்டி, "பேரு சால்மன்தானே?" என்றான். "கவர்ன்மெண்ட் போர்டுலயே போட்டிருக்கான். சால்மன், இருபத்தோரு சென்டிமீட்டருக்குக் குறைஞ்சா எடுக்கக் கூடாதுன்னு." பேச்சு அத்தோடு முடிந்தது. வீசினான்.

எட்டரைக்கு அவன் தூண்டில் வளைந்தது. ஐயோ, அந்த நேரத்தில் அவன் போட்ட கூச்சல் இருக்கிறதே! மீன் தண்ணீரை விட்டு ஒரு முழம் எகிறித் தலையை உதறியது, வெள்ளி மின்னியது. "சுத்துடா, சுத்துடா" என்று நான் கத்தினேன். கரைக்குப் பத்தடி இருக்கும்போது, பாட்டுப் போட்டுக்கொண்டு ஒரு படகு ஓரமாக வந்து தூண்டில் நரம்பின் மேலேயே போய்விட்டது. நரம்பு அறுந்து காற்றில் ஆடியது. படகில் இருந்தவர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்டார். பாவம், அவருக்கு என்ன தெரியும்? தம்பி அப்படியே கல்லில் உட்கார்ந்துவிட்டான்.

"நாளைக்குப் போயிடுவாங்கக்கா. திரும்பி வருவாங்களான்னு தெரியாது. முட்டிவலி, இவ்வளவு தூரம் இனி முடியாதுன்னு ஜெசிகிட்ட சொல்லிட்டு இருந்தாங்க. ஒரு வாய். என் கையால ஒரு வாய் சாப்பிட்டா போதும்."

"எழுந்திருடா. கூட்டத்துல ஒரு மீன் மட்டுமா வரும்?" என்று மத்தியை நானே கொக்கியில் குத்திக் கொடுத்தேன். விரலில் எண்ணெய் பிசுபிசுத்தது. அந்த வாசனைக்கே எனக்குப் பசித்தது.

அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் ஒன்றுமில்லை. மழை வந்தது, நின்றது, மறுபடி வந்தது. ஷெரில் ஃபிளாஸ்கிலிருந்து காபி கொடுத்தார். நான் முறுக்கு கொடுத்தேன். ஒன்றைக் கடித்துவிட்டு டப்பாவைத் தன் பக்கமே வைத்துக்கொண்டார். பத்து நாற்பதுக்கு மறுபடி தூண்டில் வளைந்தது. இந்த முறை தம்பி கத்தவில்லை. ஷெரில் எழுந்து நின்று, வந்த படகுகளுக்கெல்லாம் இரண்டு கையையும் விரித்துக் காட்டி, பஸ் டிரைவர் குரலில் "ஒதுங்கிப் போ" என்று அதட்டினார். படகுகள் ஒதுங்கின. நான் வலைக் கரண்டியோடு முழங்கால் தண்ணீரில் இறங்கி மீனைத் தூக்கினேன். ஷூவுக்குள் வந்த தண்ணீர் பற்களைத் தந்தியடிக்க வைத்தது. நாற்பது சென்டிமீட்டர் இருக்கும், பச்சை முதுகு, வெள்ளி வயிறு. உடனே ரத்தத்தை வடித்து ஐஸில் வைக்காவிட்டால் கவிச்சி அடிக்கும் என்று ஷெரிலே கத்தியை எடுத்து வேலையை முடித்தார். கிளம்பும்போது, "அந்த அம்மா சாப்பிட்டாங்களான்னு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்க" என்று நம்பரைக் கொடுத்தார்.

பதினொன்றரைக்கு வீடு. கார் சத்தம் கேட்டு அன்னம்மா கதவைத் திறந்தார். கையில் செபமாலை. எங்கள் நனைந்த கால்களைப் பார்த்தார், ஐஸ் பெட்டியைப் பார்த்தார்.

"கடலுக்கோ போனனீங்கள்?"

"இல்ல மாமி, ஆத்துக்குத்தான்..."

"ஆறும் கடலும் சேருற இடம்தான் பொல்லாத இடம். விடியக்காலமை போன ஆக்கள், மழையும் பெய்யுது, போனும் எடுக்கேல்ல. நான் இஞ்ச இருந்து என்னத்தை நினைக்கிறது?" ஒன்றரை மணி நேரமாக ஜன்னலோரமே நின்றிருந்தாராம். டூட்டி முடிந்து வந்திருந்த ஜெசி பிறகு சொன்னாள். தம்பிக்கு இது திட்டா, வேறு ஏதாவதா என்று புரியவில்லை. பெட்டியைச் சமையலறை மேடையில் வைத்துத் திறந்தான்.

"மாமி, நீங்க கேட்டீங்கல்ல. சமன்."

அன்னம்மா மீனைப் பார்த்தார். செவுளைத் தூக்கிப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். "இதுவோ சமன்?" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார் பாருங்கள், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். ஜெசி ஓடி வந்தாள். விஷயம் தெரிந்ததும் அவளும் சுவரைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ குமரன், சமன் எண்டா ரின் மீனப்பா! ரின்னில அடைச்சு வாற மீன்! எந்த மீன் அடைச்சிருந்தாலும் எங்களுக்குச் சமன்தான். சிறிலங்கன் கடை முழுக்க அடுக்கி வச்சிருக்கு."

டின்னைத்தான் ரின் என்கிறாள். நானும் தம்பியும் ஈரச் சாக்ஸோடு நின்றோம். எனக்குச் சிரிப்பதா, அவனைக் கட்டிக்கொண்டு அழுவதா என்று தெரியவில்லை.

சிரிப்பு அடங்கியதும் நான்தான் கேட்டேன். "ஏம்மா, மன்னார்க்காரங்க நீங்க. வாசல்ல கடல். உங்களுக்குப் போய் டின் மீன் மேலயா ஆசை?"

அன்னம்மா செபமாலையை மேடையில் வைத்தார். "சோளகக் காத்துப் பெயர்ந்தா கடலுக்குப் போக ஏலாது பிள்ளை. சண்டை நேரம் தொழிலுக்குப் போக விடாத காலமும் இருந்தது. அண்டைக்கு வீட்டில மீன் இராது. கடையில ஒரு சமன் வாங்கி, வெங்காயம் கனக்கப் போட்டுப் பிரட்டுவன். மீன் இல்லாத நாள்தான் என்ர மனுசன் வீட்டில நிக்கிற நாள். அண்டைக்குத்தான் எல்லாரும் ஒண்டா இருந்து சாப்பிடுவம். மற்ற நாளெல்லாம் நல்ல மீன்தான் தின்னுறது. ஆனா ஒரு கண் வாசல்ல."

ஜெசி அம்மாவின் தோளில் கை வைத்தாள். அவள் அப்பா இறந்து ஒன்பது வருடம் ஆகிறது.

தம்பி மெதுவாகக் கேட்டான், "அப்ப நான் சமைச்சதை ஏன் மாமி ஒரு நாளும்..."

"அதுவோ?" அந்த அம்மாவுக்கு வெட்கம் வந்துவிட்டது. "மருமோன் அடுப்படியில நிண்டு சமைச்சுப் போட, மாமி கதிரையில இருந்து சாப்பிடுறதோ? எங்கட ஆக்கள் கேட்டாக் காறித் துப்புவினம். நான்தானே உங்களுக்கு ஆக்கிப் போட வேணும்? நீங்கள் என்னை விடுறதில்லை. 'உக்காருங்க உக்காருங்க' எண்டா நான் என்ன செய்யிறது?"

மூன்று மாதம்! விருந்தாளியை வேலை செய்ய விடக்கூடாது என்று இவன். மருமகன் கையால் சாப்பிடக் கூச்சப்பட்டுப் பாணைக் கடித்துக்கொண்டு அவர். இரண்டு பேரும் மரியாதையில் பட்டினி கிடந்திருக்கிறார்கள். தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது எனக்கு.

அன்றைக்கு அவரே மீனைச் செதில் எடுத்து, பழப்புளியும் தேங்காய்ப்பாலும் விட்டுக் குழம்பு வைத்தார். சதை கறுப்பாக, கொஞ்சம் முரடாகத்தான் இருந்தது. ஷெரில் சொன்னதையும் அவரிடம் சொன்னோம். "மோசமில்லை. நண்டுக்குப் போடுற மீன் இல்லை" என்று தீர்ப்புச் சொன்னார். தம்பிக்குத் தலைத் துண்டு.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஒன்பது மணிக்கு நானும் தம்பியும் இலங்கைக் கடைக்குப் போனோம். "சமன் இருக்கா?" என்று கேட்டதும் கடைக்காரர் ஒரு சுவரையே காட்டினார். டின் ஐந்து டாலர். முந்தின நாள் நான் நனைத்த ஷூ நூற்று இருபது டாலர் என்பதை இங்கே சொல்லி வைக்கிறேன். நான்கு டின் எடுத்தோம்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி போனை அணைத்து மேசை இழுப்பறையில் போட்டான். "மாமி, இன்னைக்கு நான் எங்கயும் போகல. ஏர்போர்ட் போற வரைக்கும் வீட்டுலதான் இருக்கேன். மீன் இல்லாத நாள். சமன் நான் பண்றேன், யாரும் எதுவும் சொல்லக் கூடாது." அன்னம்மா வாயைத் திறந்தார், மூடினார், கதிரையில் உட்கார்ந்தார். கை இரண்டையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் கோத்துக்கொண்டார். தம்பி வெங்காயம் அரிந்தான், கனக்க. சோம்பு தாளித்து, திருச்சி வழக்கப்படி கருவேப்பிலையும் மிளகும் போட்டான். நாலு பேரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அவர் தட்டில் அவனே சோறு போட்டு, மேலே பிரட்டலை வைத்தான்.

முதல் வாயை அந்த அம்மா வெகு நேரம் மென்றார். தம்பி மூச்சு விடவில்லை. நானும்தான். இரண்டாவது வாய், மூன்றாவது வாய். தட்டு காலியானது. தலையைத் தூக்காமல் தட்டை அவன் பக்கம் நகர்த்தினார்.

"உறைப்புக் காணாது, மருமோன். இன்னும் கொஞ்சம் போடுங்கோ."

தம்பி கரண்டியை எடுத்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். ஷெரிலுக்கு நான்தான் மெசேஜ் போட்டேன்: இரண்டு தட்டு.

மாலை நாலு மணிக்கு விமான நிலையம். அவருக்குக் கொழும்பு, எனக்குச் சிட்னி. உள்ளே போகுமுன் அன்னம்மா தம்பியின் கன்னத்தைத் தொட்டார். "போட்டு வாறன், மருமோன். தண்ணிப் பக்கம் போகாதேங்கோ." போய்விட்டு வருகிறேன் என்பதை அவர்கள் அப்படித்தான் சொல்வார்கள். போகிறேன் என்று மட்டும் சொல்வதில்லை. முட்டிவலிக்காரரின் வாயிலிருந்து அது வந்ததில் தம்பிக்கு எவ்வளவு நிம்மதி என்று அவன் முகத்தில் எழுதியிருந்தது. மிஞ்சிய ஒரு டின்னை என் பையில் திணித்தவரும் அவர்தான்.

விமானத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. கேட் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுக்குப் போன் செய்தேன். ரிலீஸ் முடியவில்லையாம், பின்னால் கீபோர்டு சத்தம் கேட்டது.

"அடுத்த சனிக்கிழமை நீங்க எங்கயும் போகக் கூடாது. லேப்டாப்பும் கிடையாது. என்கூட உக்காந்து சாப்பிடணும்" என்றேன்.

"ஏன், என்ன விசேஷம்?"

பைக்குள் கையை விட்டு டின்னைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். "விசேஷம் ஒண்ணும் இல்ல," என்றேன், "வீட்டுல மீன் இல்ல."